கடைசியாகத் தொட்டவர்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. 1989ஆம் வருடம், மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தெர்வரந்தா பனி அரங்கத்தில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் பதிவு மேசையில் உட்கார்ந்து, ஆட்டத்தாளில் ‘கோல் அடித்தவர்’ என்ற கட்டத்துக்குள் நீல மையால் ‘1’ என்று எழுதினேன். எதிரணியான கூசெலாவின் கோல்கீப்பர் போட்டிருந்த சட்டை எண் அது. அந்த எண் தவறு. தெரிந்து எழுதினேனா, தெரியாமல் எழுதினேனா என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

எனக்கு இந்த வடகோடி நாட்டு ஊரின் காகித ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை. அணி என்றால் ஊருக்கே பொது, ஆளுக்கொரு வேலை செய்தாக வேண்டும். ஒருத்தர் காபி போடுவார், ஒருத்தர் கதவில் நிற்பார். என் எண்கள் குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டதால் எனக்குப் பேனா கிடைத்தது.

சென்ற ஜனவரியில் வெய்யோ லெஹ்தோரந்தா என் வீட்டுக்கு வந்தார். தெர்வரந்தா அணிக்காகப் பதினான்கு பருவங்கள் தடுப்பாட்டம் ஆடியவர், இப்போது அறுபத்தெட்டு வயது. வாசலில் பூட்ஸைக் கழற்றினார், அடுப்படி மேசையில் உட்கார்ந்தார், மூன்று கோப்பை காபி குடித்தார். நான்காவது கோப்பையை ஊற்றும்போது வாயைத் திறந்தார்.

“நீ கதை எழுதுறவதானே?”

“எழுதுறேன்.”

“என்னைப் பத்தி எழுது.”

“எதை எழுதணும்?”

“அது தெரிஞ்சா நானே எழுதியிருப்பேனே.”

(இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். ஆலை மேலாளருக்கும் நீ, பாதிரியாருக்கும் நீ. முதல் பிரதியில் வயதுக்கு மரியாதை என்று வெய்யோவை ‘நீங்க’ என்று பேச வைத்தேன். அது அவர் வாயில் இரவல் பல்செட் மாதிரி நின்றது. எடுத்துவிட்டேன்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கேயே போட்டு வைக்கிறேன்.

*முதல் தொடக்கம்:* வெய்யோ லெஹ்தோரந்தா பதினான்கு வருடம் பனித்தளத்தில் நின்றார். அந்தப் பதினான்கு வருடத்தில் அவர் நின்ற பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை.

தமிழில் எழுதிய இதை அவரிடம் அவர் மொழியில் சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

“சரியாத்தான் எழுதியிருக்கே. எதிராளி அடிக்க வர்றான். நான் குறுக்க போறேன். அவன் அடிக்கலை. எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?”

அதுதான் என் தலைவலி. கோல் அடிக்கிறவனைப் பற்றி எழுதுவது சுலபம், அவன் கையைத் தூக்கும்போது நாமும் பேனாவைத் தூக்கலாம். தடுக்கிறவன் வாழ்க்கை முழுக்க நடக்காமல் போனவற்றின் வரிசை. விழாத கோல், கிடைக்காத வாய்ப்பு, எதிராளி மனதில் போட்டுப் பார்த்துக் கைவிட்ட திட்டம். பக்கம் பக்கமாக ‘நடக்கவில்லை, நடக்கவில்லை’ என்று எழுதினால் யார் படிப்பார்கள்?

*இரண்டாம் தொடக்கம்:* அவர் பின்பக்கமாகச் சறுக்கிப் போகும்போது ஒரு—

(நிறுத்திவிட்டேன். உவமை தேடி ஜன்னலைப் பார்த்தேன், ஜன்னலில் பனிதான் இருந்தது. அவர் பின்பக்கமாகச் சறுக்கினார், அவ்வளவுதான். முன்னால் வருகிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவது அவருடைய பிழைப்பு. யானைக்கும் அடி சறுக்கும் என்று நாம் ஆறுதல் சொல்வோம். இங்கே யானை சறுக்காவிட்டால்தான் வேலை போய்விடும்.)

*மூன்றாம் தொடக்கம்:* அவருக்குத் தூக்கத்தில் கால் ஆடும்.

இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி ஓர்வொக்கி. வெய்யோ அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு ஏலக்காய் ரொட்டியோடு வந்தார். உண்மையில் வேவு பார்க்க வந்தார் என்று நினைக்கிறேன்.

“மார்ச் மாசம் வந்தா ஆரம்பிச்சுடுவான். கால் ரெண்டும் சறுக்கும். போர்வை ஒரு மூலை, தலகாணி ஒரு மூலை. முப்பத்து நாலு வருஷமா நான் ஒரு ஆட்டக்காரனோட இல்ல, ஒரு ஆட்டத்தோட குடும்பம் நடத்துறேன்.”

“எதைத் துரத்துறாராம்?”

“எழுதுறவ நீ. நீயே கேளு.” ரொட்டியை என் பக்கம் தள்ளினார். “கேட்டுட்டு எனக்கும் சொல்லு.”

3

கனவை அவர் இப்படிச் சொன்னார். சொன்னதை நான் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். எங்கே நீட்டினேன் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

கனவில் அரங்கத்துக்குக் கூரை இல்லை. தளம் நீளமாகக் கடல் வரை போகிறது. பார்வையாளர் வரிசைகளில் ஆட்களுக்குப் பதிலாகப் வெள்ளைத் தண்டுப் பிர்ச் மரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெய்யோவுக்கு முன்னால் ஒரு வட்டு போகிறது. கையகல ரப்பர் வில்லை, கறுப்பு. வேகமாகப் போகவில்லை, சோம்பலாக, உருண்டையாக இருந்தால் உருண்டிருக்கும் என்பது போல மெதுவாக வழுக்கிக்கொண்டு போகிறது. பனிக்கு அடியில் மீன்கள் அவரோடு கூடவே நீந்தி வருகின்றன. ஒரு மீன் மேலே பார்த்து, “அவசரப்படாதே, வெய்யோ, நேரம் இருக்கு” என்கிறது. நேரம் இருப்பது அவருக்கும் தெரிகிறது. ஆனால் அவர் எவ்வளவு உந்தினாலும் தளம் அவ்வளவு நீள்கிறது. வட்டுக்கும் மட்டைக்கும் நடுவில் எப்போதும் ஒரு முழம். அந்த ஒரு முழத்தோடு விழித்துக்கொள்கிறார்.

“பயமா இருக்குமா?”

“இல்ல. அதுதான் மோசம். நல்லா இருக்கும். வாழ்க்கையில அவ்வளவு அழகா நான் சறுக்கினதே இல்ல.”

அவர் நன்றாகத்தான் சறுக்கினார். மேசையில் உட்கார்ந்து நான்கு பருவங்கள் பார்த்தேன். சட்டை எண் 4. அறுநூற்றுச் சொச்சம் ஆட்டங்கள், ஒன்பது கோல்கள். மற்றதெல்லாம் குறுக்கே விழுந்தது. எதிராளி மட்டையை ஓங்கினால் இவர் படுத்துவிடுவார். வட்டு விலாவில் படும், கணுக்காலில் படும். ஒருமுறை முகத்தில் பட்டுத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம், ஆறு வியாழக்கிழமை (வியாழன் என்றால் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் பட்டாணி சூப்), அந்தச் சூப்பை உறிஞ்சுகுழாயில் குடித்தார்.*

* இது உண்மை. ஓர்வொக்கி அந்தக் குழாயை இன்னும் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “அவன் கத்த முடியாம இருந்த ஒரே காலம் அது” என்றார்.

4

சரி, அந்த மாலைக்குப் போகலாம். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

முதல் பிரிவிலிருந்து இறங்குவது யார் என்று முடிவாகும் ஆட்டம். தெர்வரந்தா தோற்றால் தெர்வரந்தா கீழே போகும், கூசெலா மேலே வரும். இரண்டுக்கு இரண்டு. மூன்று நிமிடம் மீதி. கூசெலாக்காரன் ஒருவன் நம் ஆளின் காலை வாரிவிட்டான், நடுவர் கையைத் தூக்கினார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கை தூக்கிய உடனே ஊதல் ஊதமாட்டார். தப்புச் செய்த அணி வட்டைக் கைப்பற்றும்போதுதான் ஊதுவார். அதுவரை நம் அணிக்கு இலவசம். எதிரி தொட்டுப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பதால் நம் கோலுக்கு ஆபத்தே இல்லை. எனவே நம் கோல்கீப்பர் ஓடிப்போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், அவருக்குப் பதிலாக இன்னொரு ஆள் தாக்க வருவார். நம் கோல் காலியாகக் கிடக்கும். எல்லாரும் எல்லா ஆட்டத்திலும் செய்வதுதான்.

வட்டு வெய்யோவிடம் வந்தது. எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகில் நின்று அடித்தார். கூசெலாவின் கீப்பர் தர்மோ கிவெலா காலை நீட்டினார். ‘டங்’ என்று இரும்புச் சத்தம். வட்டு திரும்பி நேராக வெய்யோவிடமே வந்தது. காலில் பட்டுக் கம்பத்தில் மோதியது என்று அரங்கம் நினைத்தது. வெய்யோ அதை வாங்கி, திரும்பிப் பார்க்காமல், தனக்குப் பின்னால் சற்று இடப்பக்கம் தள்ளிவிட்டார். அங்கே அவருடைய ஜோடி ஆட்டக்காரர் நிற்பார். ஏழு வருடமாக அங்கேதான் நிற்கிறார். பார்க்காமல் கொடுப்பதுதான் நல்ல ஜோடிக்கு அழகு.

அன்று அந்த ஜோடிக்காரருக்கு மூச்சு வாங்கியிருந்தது. மாற்று ஆளுக்கு இடம் கொடுக்கப் பெஞ்சுக்குப் போயிருந்தார்.

வட்டு போயிற்று. நடுக்கோட்டைத் தாண்டியது. முப்பத்து மூன்று மீட்டர், வெய்யோ பிறகு ஒருநாள் நாடா வைத்து அளந்திருக்கிறார். கூசெலாக்காரர்கள் ஐந்து பேரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றார்கள். அவர்களில் ஒருவன் பிடித்து நிறுத்தியிருந்தால் போதும், ஊதல் ஊதும், தெர்வரந்தா பிழைக்கும். அவர்கள் கெட்டிக்காரர்கள், கை வைக்கவில்லை. நாலாயிரம் பேர் இருந்த இடத்தில் ஐஸ் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. அது வெய்யோவின் கால். வட்டுக்குப் பின்னால், ஒரு முழம் பின்னால்.

வட்டு கோட்டைத் தாண்டியது. அவரும் நிற்க முடியாமல் கோலுக்குள்ளேயே போய் வலையில் மல்லாந்து விழுந்தார்.

5

இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதினேன். இதுதான் கதை, மீதியெல்லாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது.

இந்த விளையாட்டில் சொந்த கோல் என்று ஒன்று ஏட்டில் கிடையாது. நம் ஆள் நம் கோலிலேயே போட்டாலும் அந்தக் கோல் எதிரணிக்காரன் பெயரில்தான் ஏறும். யார் பெயரில்? எதிரணியில் கடைசியாக வட்டைத் தொட்டவர் பெயரில். தொட்டவருக்குத் தான் தொட்டது ஞாபகம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நடுவர் குனிந்து வலைக்குள் பார்த்தார். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

“வெய்யோ, அவங்கள்ல கடைசியா தொட்டது யாரு?”

வெய்யோ மல்லாந்து கிடந்தார். வட்டு அவர் காதோரம் இருந்தது. மேலே விளக்குகள். அவருக்குத் தெரியும், தன் அடி தர்மோவின் காலில் படவில்லை, நேராகக் கம்பத்தில்தான் பட்டது. அதற்கும் முன்னால் அரை நிமிடம் போல, யாரோ ஒரு கூசெலாக்காரன் காலில் பட்டு வந்தது.* ஆனால் வலையில் கிடந்த அந்த நேரத்தில் அவர் மனது வேறு கணக்குப் போட்டது. யாரோ ஒரு ஆட்டக்காரன் பெயர் ஏறினால் நாளைப் பத்திரிகையில் ‘வெய்யோ செய்த தவறு’ என்று வரும். கோல்கீப்பர் பெயர் ஏறினால்? கோல்கீப்பர் கோல் அடிப்பது கழுதைக்குக் கொம்பு முளைப்பது மாதிரி. ஊரே அதைத்தான் பேசும்.

“ஒன்னு,” என்றார் வெய்யோ. “கீப்பர். கால்ல பட்டுச்சு.”

நடுவர் சறுக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, “ஒன்னு” என்றார். நான் எழுதினேன்.

இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தேன். தர்மோவின் காலுக்கும் வட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வாயைத் திறந்திருக்கலாம். தலையைத் தூக்கினேன், எதிரே வலைக்குள் அந்த மனிதன் இன்னும் எழுந்திருக்காமல் கிடந்தான். என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்று தோன்றியது. குண்டாக, அழகாக, ஒன்று.

* பிறகு தேடிக் கண்டுபிடித்தேன். எண் 17. ஸ்வீடனுக்குப் போய் பேருந்து ஓட்டினார். ஆடிய காலம் முழுக்க அவர் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அந்த ஒரே கோல் தன்னுடையது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தேடியிருக்க வேண்டாம்.

6

வெய்யோ நினைத்தபடியே எல்லாம் நடந்தது. மறுநாள் பத்திரிகையில் தர்மோ பல் தெரியச் சிரித்தார். ‘கோல் அடித்த கோல்கீப்பர்!’ வெய்யோவின் பெயர் ஏழாவது பத்தியில் வந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. அணி இறங்கியது, அவரை அடுத்த பருவத்துக்கு எடுக்கவில்லை. ஆலையில் பாரந்தூக்கி ஓட்டப் போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. கடைத்தெருவில், ஊர்ப் பொது நீராவிக் குளியல் அறையில், தேவாலயத்தில், ஒருத்தர்கூட அந்தத் தவறைப் பற்றிப் பேசவில்லை. “அட, நீ அந்த ஆட்டத்துல ஆடினியா? தர்மோ கோல் அடிச்சானே, அதுல?” என்று மட்டும் கேட்டார்கள்.

ஜனவரி முடிந்து பிப்ரவரியும் வந்தபோது, ஒருநாள் நான்காவது கோப்பையில் அவர் உடைந்தார். உடைந்தார் என்பது என் சொல். அவர் கரண்டியைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

“பதினாலு வருஷம் ஒன்னுமே நடக்காம பாத்துக்கிட்டேன். நடந்தது ஒன்னே ஒன்னு. அதையும் தூக்கி அடுத்தவனுக்குக் கொடுத்துட்டேன். இப்ப பாத்தா நான் அங்க இருந்ததுக்கே சாட்சி இல்ல, சுகந்தி.”

“தப்புதானே அது? அதுல எதுக்கு உன் பேரு?”

“என் தப்பு. என் தப்புன்னு எங்கேயாவது எழுதியிருக்கணும்ல?”

நான் விதிப்புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் போட்டேன். “இதோ பாரு. எப்படி எழுதினாலும் உன் பேரு ஏறாது. 1 இல்லன்னா 17. உன் நம்பர் இந்தக் கட்டத்துக்குள்ள வரவே முடியாது.”

“அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்.”

“கதையிலயா?”

“கதைக்கு என்ன விதி?”

விதிப்புத்தகத்தை மூடி வைத்தேன். இருபது வருடமாக எழுதுகிறேன், இந்தக் கேள்வியை ஒரு பாரந்தூக்கி ஓட்டுநர் கேட்கும்வரை நான் யோசித்ததில்லை.

7

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) வெய்யோ கூசெலாவுக்குப் போய் தர்மோவிடம் உண்மையைச் சொல்கிறார். தர்மோ மனம் உடைந்து அழுகிறார். (அடித்துவிட்டேன். தர்மோ கிவெலா அழுகிற ஆள் இல்லை.)

ஆ) வெய்யோ போகவே இல்லை. கதை வெளிவருகிறது. கூசெலாவில் யாரும் தமிழ் படிப்பதில்லை. எல்லாரும் நலம். (இதுதான் எனக்கு வசதி. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

இ) வட்டு கோட்டுக்கு முன்னால் தானாகவே நின்றுவிடு—

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

“நான் கூசெலா போறேன்,” என்றார் வெய்யோ. “நீயும் வா. எழுதினவ நீதானே.”

கதாபாத்திரம் நம்மைக் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். போனோம். மார்ச் இரண்டாம் வாரம், நடுப்பகல், சாலையின் இரண்டு பக்கமும் வெயிலில் பனி கண்ணைக் கூச வைத்தது. வழியெல்லாம் அவர் உதடு அசைந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது.

8

தர்மோ கிவெலா பெட்ரோல் நிலையத்தை ஒட்டி ஒரு காபிக் கடை நடத்துகிறார். பெரிய உடம்பு, இடுப்பெலும்பு இரண்டும் புதிது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் அன்றைய வட்டு. பக்கத்தில் சட்டம் போட்டு ஆட்டத்தாளின் நகல். அதில் என் ஒன்று, குண்டாக. என் எழுத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது அது ஒன்றுதான். வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெய்யோ தொப்பியைக் கழற்றினார்.

“தர்மோ. உன்கிட்ட ஒன்னு சொல்லணும்.”

“வட்டு என் கால்ல படலைங்கறதா?”

வெய்யோவின் உதடு அசைவதை நிறுத்தியது. ஒத்திகை பார்த்தது எல்லாம் வீண்.

“உனக்குத் தெரியுமா?”

“கீப்பருக்குத் தெரியாதாடா? கால்ல பட்டா வலிக்கும். அன்னிக்கு வலிக்கலை.” மூன்று கோப்பைகளை மேசையில் வைத்தார். “உக்காரு. இலவங்கப்பட்டை ரொட்டி இருக்கு, நேத்து செஞ்சது, பல்லு பத்திரம்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“நடுவர் உன்னைத்தான் கேட்டாரு, என்னைக் கேக்கலை. பத்தொம்பது வருஷம் கோல் வாங்கிக்கிட்டே இருந்தவன் நான். ஒருத்தன் ஒன்னே ஒன்னு கொடுக்கறான். வேண்டாம்பேனா?” காபியை ஊற்றினார். “முதல் வருஷம் சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் யாராவது ‘எப்படி அடிச்சே?’ன்னு கேட்டா காபி ஊத்தப் போயிடுவேன். நான் எங்க அடிச்சேன்? நான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ வருவே, திருப்பிக் கேப்பேன்னு பாத்தேன். முப்பத்து நாலு வருஷமாடா ஆகும் உனக்கு?”

“எனக்கு அது வேணும், தர்மோ,” என்றார் வெய்யோ. “வெக்கக்கேடுதான். ஆனா அது என்னோடது.”

தர்மோ திருப்புளி எடுத்து வந்து கண்ணாடிப் பெட்டியைக் கழற்றினார். வட்டு இருந்த இடத்தில் சுவர் வெளிறிப் போயிருந்தது. வட்டை மேசையில் வைத்தார். இருவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எடுத்துக்கோ. ஆனா ஏட்டுல எப்படி ஏத்துவே? விதி விடாதே.”

“அது அரங்கத்து விதி,” என்றேன் நான். பேசியிருக்கக் கூடாது. எழுதுகிறவள் குறுக்கே பேசினால் கதை கெடும்.

தர்மோ முதல் முறையாக என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, கடைக்குப் பின்னால் உறைந்து கிடந்த விரிகுடாவைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் சறுக்குவதற்காகப் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்த பாதை வெயிலில் பளபளத்தது.

“சறுக்குக் காலணி கொண்டு வந்திருக்கியா?”

“கார்ல எப்பவும் கிடக்கும்.”

“மட்டை?”

“அதுவும்.”

“வா, அப்ப.” கடைக் கதவில் ‘வருகிறேன்’ அட்டையைத் தொங்கவிட்டார். “இங்க விதி நான் சொல்றதுதான். அன்னிக்கு மாதிரியே பாக்காம கொடு. அப்புறம் துரத்து. நீ பிடிச்சுட்டா கோலே விழலை, யாருக்கும் இல்ல, நான் சுவரைப் பூசிடுவேன். உள்ள போயிடுச்சுன்னா அது உன்னோட கோல். உன் பேர்ல, உன் நம்பர்ல. சரியா?”

என்னிடம் திரும்பினார். “தாள் இருக்கா உன்கிட்ட?”

இருந்தது. அந்தக் காலத்து வெற்று ஆட்டத்தாள் ஒன்று, கதைக்கு உதவும் என்று எடுத்து வந்திருந்தேன்.

“நீ எழுது,” என்றார் தர்மோ. “இந்தத் தடவையாவது பாத்ததை எழுது.”

ஆக, அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. மூன்று பேரும் முப்பத்து நான்கு வருடம் ஒரே ரகசியத்தைத் தனித்தனியாகக் காத்திருக்கிறோம்.

9

வெய்யோ அடியெண்ணி நடந்தார். முப்பத்து மூன்று மீட்டரில் தர்மோ இரண்டு மீன்பெட்டிகளைக் கவிழ்த்து வைத்தார். கோல் அவ்வளவுதான். வெய்யோ பனியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை இறுக்கினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது, குளிர் காரணம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

எழுந்து நின்று பெட்டிகளுக்கு முதுகைக் காட்டினார். எதிரே திறந்த கடல், வெள்ளை, கூரை இல்லை. கரையோரம் பிர்ச் மரங்கள் வரிசையாக நின்றன. இதை நான் சேர்க்கவில்லை, அவை அங்கே இருந்தன. வெய்யோ அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன் என்று தலையசைத்தேன்.

பார்க்காமல், பின்னால் சற்று இடப்பக்கம், வட்டைத் தள்ளிவிட்டார்.

அது போயிற்று. மெதுவாக, சோம்பலாக, வெயிலில் ஒரு கறுப்புப் பொட்டு. வெய்யோ திரும்பினார். முதல் பத்து மீட்டர் முழங்கால் கத்தியது, பிறகு அதற்கும் வாயடைத்துவிட்டது. அவர் சறுக்கினார். அறுபத்தெட்டு வயது ஆள் அப்படிச் சறுக்கி நான் பார்த்ததில்லை. பனிக்கு அடியில் மீன்கள் கூட வந்தனவா என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும். தளம் நீளவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. முப்பத்து மூன்று மீட்டர், முப்பத்து மூன்று மீட்டராகவே இருந்தது. பெட்டிகள் கிட்டே வந்தன. இடையில் இருந்த ஒரு முழம் சாணாயிற்று, நாலு விரல் அகலமாயிற்று.

எட்டும் என்று அவருக்குத் தெரிந்தது. மட்டையை நீட்டினால் போதும்.

பிடித்தால் அந்த மாலையே நடக்கவில்லை என்றாகும், அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த நல்ல வேலை மாதிரி, இன்னுமொரு நடக்காதது. விட்டால் அது உள்ளே போகும், தவறு அவருடையதாகும், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கனவில் இத்தனை வருடம் பிடிக்க மட்டும்தான் ஆசைப்பட்டார். பிடித்தால் என்ன போய்விடும் என்று கனவு ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை.

அவர் மட்டையை

10

(மன்னியுங்கள். அந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

நான் பார்த்தேன். இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். தர்மோவும் பார்த்தார், வாய்விட்டுக் கத்தினார், அது என்ன கத்தல் என்று சொல்லமாட்டேன். திரும்பும் வழியில் வெய்யோ பாட்டு முணுமுணுத்தார். அதை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம், அவர் எதற்கு முணுமுணுப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஓர்வொக்கியைக் கேட்டேன். அன்று இரவு கால் ஆடவில்லையாம். ஆட்டம் முடிந்த காலும் ஆடாது, களைத்த காலும் ஆடாது.

ஒருமுறை என் கையால் ஓர் எண் எழுதினேன், ஒருவருடைய முப்பத்து நான்கு வருடம் போய் இன்னொருவர் சுவரில் தொங்கியது. இன்னொருமுறை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வெற்றுத்தாளை அப்படியே வைத்திருக்கிறேன்.

நீங்கள் அவரோடு இவ்வளவு தூரம் சறுக்கி வந்திருக்கிறீர்கள். அவருக்கு எது வேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். ‘4’ என்று எழுதலாம். குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கோலே இல்லை என்று ஆக்கலாம். பேனாவை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டேன். கடைசியாகத் தொட்டவர் நீங்களாக இருக்கட்டும்.)

கோல் அடித்தவர்: [        ]